பாவுக்குக் கஞ்சி, வீட்டுக்குச் சோறு

என் வீட்டுக்காரர் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்குள் வந்தார். பெட்டிக்கடைக்கு வெற்றிலை வாங்கப் போனவர். வலது காலில் செருப்பு இருந்தது, இடது கால் வெறுங்கால். வாசலில் கழற்றப் போனபோதுதான் அவருக்கே அது தெரிந்தது. "எங்க வுட்டேன் இத்த?" என்று தெருவைத் திரும்பிப் பார்த்தார். என் மாமனார் சிரித்தார். பக்கத்து வீட்டு அக்கா, "செருப்பு போனா போவுது, காலு இருக்குதா பாருப்பா" என்று கேலி செய்தாள். வேறொரு நாளாக இருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். அன்றைக்குச் சிரிக்க முடியவில்லை. செருப்பு கழன்று விழுந்தது ஒரு மனுஷனுக்குத் தெரியாமல் போகுமா?

அறுபதுகளின் கடைசி அது. எனக்கு முதல் பிள்ளை வயிற்றில் இருந்தது. அந்த வருஷம் முழுக்க எங்கள் எல்லோருடைய கண்ணும் அவர் காலிலேயே இருந்தது. ஆபத்து வேறு பக்கமாக வந்தது. அதை இப்போது சொல்லும்போதும் எனக்குக் கோபம்தான் வருகிறது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

செருப்புக்கு முன்பே எனக்குச் சந்தேகம் இருந்தது. புடவையின் உடலும் கரையும் வேறு வேறு நிறமாக இருந்தால் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். கரையின் நிறத்தை உடலோடு கோர்த்து நெய்வதால் அதற்குக் கோர்வை என்று பெயர். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரை நூலைக் குறுக்கே ஓட்டும் நாடாவைத் தள்ளுவது என் வேலை. நெய்கிறவரின் கால் இரண்டும் கீழே குழிக்குள் மிதிப்பலகைகளின் மேல் இருக்கும். எந்தப் பலகையை எப்போது மிதிப்பது என்பதைக் கால்தான் அறியும், கண்ணுக்கு அங்கே வேலை கிடையாது. சிறுவனாகக் குழியில் இறங்கியவர் இவர். அப்படிப்பட்டவர் கொஞ்ச நாளாகக் குனிந்து குழிக்குள் பார்த்துவிட்டு மிதிக்கிறார். பார்க்காமல் மிதித்த இடத்தில் இழை மாறி, துணியில் கீறல் விழுந்தமாதிரி ஒரு கோடு ஓடுகிறது.

செருப்பு போன மறுநாள் ஜாக்கெட்டில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினேன். அவர் மும்முரமாக நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குனிவதுபோல் குனிந்து அவர் பெருவிரலில் குத்தினேன். அவர் ஜரிகையைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். ரத்தம் பொட்டாக வந்தது. அவர் பேச்சு நிற்கவில்லை.

"இன்னாடி, மூஞ்சி இப்படி வெளுத்துக்கினு இருக்குது?" என்றார்.

ஊக்கைக் காட்டினேன். அவர் தன் காலைப் பார்த்தார். ரத்தப் பொட்டை வேட்டி நுனியால் துடைத்தார். பிறகு, "எனக்குத் தெரியும்" என்றார். "ஆடி மாசத்துலேர்ந்தே இப்படித்தான் இருக்குது. யார்கிட்டயும் சொல்லாத."

காலில் உணர்ச்சி போனால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். விரல்களைத் தின்கிற அந்த வியாதியின் பெயரை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள், சொன்னால் ஒட்டிக்கொள்ளும் என்பது போல. அடுத்த தெருவில் ஒருவருக்கு அது வந்தபோது வீட்டாரே வண்டி ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அவருடைய தறியைக் கழற்றி, குழியில் மண்ணைக் கொட்டி மூடி, மேலே சாணம் மெழுகியதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர் உயிரோடுதான் இருந்தார். குழியை மட்டும் மூடிவிட்டார்கள்.

எனக்குப் பிரசவத்துக்குக் காட்டுகிற சாக்கில் இரண்டு பேரும் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் அவரைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, முதுகு, கை, காது மடல் எல்லாம் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முழங்கையை அழுத்தினார். பஞ்சால் தொட்டார், ஊசியால் தொட்டார், முட்டிக்குக் கீழே சுத்தியலால் தட்டினார். கால் அசையவில்லை. நான் அவர் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கசக்கிக்கொண்டிருந்தேன்.

"நீங்க நினைச்சுப் பயந்துக்கினு வந்தது இல்லப்பா இது" என்றார் டாக்டர். என் வீட்டுக்காரர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதார். டாக்டர் அவரை அழவிட்டு, "தினமும் இன்னா சாப்புடற?" என்று கேட்டார். வியாதிக்கு வந்தவனிடம் சோற்றைப் பற்றிக் கேட்கிறாரே என்று எனக்கு வியப்பாக இருந்தது. சில ஊசிகளை எழுதிக் கொடுத்து, பின்கட்டில் இருந்த ஒரு அறைக்கு எங்களை அனுப்பினார்.

அந்த அறையில் மெட்ராஸிலிருந்து வந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். நோயாளிகள் எதைச் சாப்பிட வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பது அவள் உத்தியோகம். டயட்டீஷியன் என்று பலகையில் போட்டிருந்தது. அது யார் வாயிலும் நுழையாததால் ஊரில் அவளுக்குச் சோத்து டீச்சர் என்று பெயர். பட்டம் வைக்க எங்கள் ஊருக்குச் சொல்லித் தரவா வேண்டும்.

"நேத்து காலையில எழுந்ததுலேர்ந்து சொல்லுங்க. என்ன சாப்பிட்டீங்க?" என்று அவரைக் கேட்டாள்.

"சோறு."

"மத்தியானம்?"

"சோறுதான். ரசம் ஊத்திக்கினேன்."

"கீரை, பருப்பு, பயறு?"

"தொண்டையில எறங்காது."

"வாயில என்ன?"

"வெத்தலை." அதைச் சொல்லும்போதும் மென்றுகொண்டுதான் இருந்தார்.

அவள் அரிசியைப் பற்றிக் கேட்டாள். அப்போதுதான் எங்கள் வீட்டு விஷயம் வெளியே வந்தது. என் மாமனார் எங்கள் தெருவுக்கே பாவுக்குக் கஞ்சி போடுகிறவர். தறியில் ஏற்றுவதற்கு முன் பட்டு இழைகளை, அதாவது பாவை, விடியற்காலையில் தெருவில் நீளமாக விரித்துக் கட்டி, சோறு வடித்த கஞ்சியைப் பூசி உலர்த்த வேண்டும். அப்போதுதான் இழைக்கு விறைப்பு வரும், நெய்யும்போது அறாது. புழுங்கலரிசிக் கஞ்சி ஆகாது, பழுப்பு ஏறும், வாடை வரும் என்பது மாமனார் கட்சி. அதனால் பாவு கொடுக்கிறவர்கள் கூலியோடு பச்சரிசியும் கொடுத்து அனுப்புவார்கள். மில்லில் நன்றாகத் தீட்டின, மல்லிகைப் பூ மாதிரி வெளுத்த அரிசி. நான் அதைப் பளிச்சென்று களைந்து, தண்ணீரைத் தாராளமாக வைத்து வேகவிட்டு, கஞ்சியைச் சொட்டு விடாமல் வடித்துக் கொடுப்பேன். கஞ்சி பாவுக்கு, சோறு வீட்டுக்கு. நான் வாழ வந்த நாளிலிருந்து அதுதான் சட்டம். அரிசிக்கு ஊரே கியூவில் நின்ற காலத்தில் எங்கள் வீட்டில் மட்டும் வெள்ளைச் சோற்றுக்குப் பஞ்சமில்லை. ஐயம்பேட்டையில் என் அப்பா வீட்டில் சிவந்த புழுங்கலரிசிதான். நல்ல இடத்தில் வாக்கப்பட்டிருக்கிறேன் என்று எனக்கே பெருமை.

டீச்சர் கையை நெற்றியில் வைத்துக்கொண்டாள். "கால் நரம்புக்கு வேண்டிய சத்து அரிசியோட மேல்தோல்ல இருக்கு. தீட்டும்போது பாதி போயிடுது. களையும்போது கொஞ்சம். மீதி இருக்கிறதை நீங்க கஞ்சியோட வடிச்சுடறீங்க. வெத்தலை வேற இருக்கிறதையும் கெடுக்குது."

"அப்போ எங்க சத்தெல்லாம் பொடவையிலதான் இருக்குதா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஆமா. கல்யாணப் பொண்ணுங்க கட்டிக்கிட்டுப் போறாங்க" என்றாள் அவள். சிரிக்கவில்லை.

புழுங்கலரிசி, வடிக்காமல் பொங்கிய சோறு, தினம் ஒரு கீரை, முளைகட்டின பயறு, வேர்க்கடலை, கருப்பு உளுந்து என்று சொல்லிக்கொண்டே போனவள், கடைசியில் அரிசித் தவிட்டைச் சலித்து வெல்லம் சேர்த்து உருண்டை பிடித்துத் தின்னச் சொன்னாள். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "மாட்டுக்குப் போடறத மனுஷன் துன்னுவானா?" என்று எழுந்துவிட்டார்.

"மாடு நல்லாத்தானே நடக்குது" என்றாள் டீச்சர்.

அவர் உட்கார்ந்தார். அவள் அதோடு விடவில்லை. இப்படியே இன்னும் சில மாதம் போனால் கால் மட்டும் இல்லை, இதயமும் வீங்கும் என்றாள். அப்படிப் போனவர்களைத் தான் பார்த்திருப்பதாகவும் சொன்னாள். புதன்கிழமைதோறும் எங்கள் வீட்டுக்கே வந்து பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினாள்.

வீட்டில் மாமனார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப பாவுக்கு?" என்று ஒரே கேள்வி கேட்டார். நியாயமான கேள்விதான். தெருவில் அத்தனை தறிக்கும் அவர் கஞ்சியை எதிர்பார்த்துக்கொண்டு பாவு காத்திருந்தது. அதனால் அடுப்பில் இரண்டு பானை ஏறியது. ஒன்றில் என் வீட்டுக்காரருக்குப் புழுங்கலரிசி, வடிக்காமல். இன்னொன்றில் வழக்கமான பச்சரிசி, பாவுக்கு வடிக்க. வடித்த பிறகு அந்தச் சோற்றை என்ன செய்வது? மாமனாருக்குப் பல் போய்விட்டதால் இரண்டு வேளையும் கேழ்வரகுக் கூழ்தான். கொட்டினால் பாவம். "நான் இருக்கேனே" என்றேன். யாரும் மறுத்துச் சொல்லவில்லை. மறுத்துச் சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

கார்த்திகையில் எனக்குப் பெண் பிறந்தது. அம்மா உயிரோடு இல்லாததால் ஐயம்பேட்டைக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரியில் பெற்று, நேராக எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டேன். பக்கத்து வீட்டு அக்காதான் எனக்குப் பத்தியம் பார்த்தாள். தெலுங்கு பேசுகிற நெசவுக் குடும்பம் அவர்கள். பிள்ளை பெற்றவள் கீரை தின்றால் குழந்தைக்குச் சளி, பருப்பு தின்றால் மாந்தம், கடலை கூடவே கூடாது. மிளகுக் குழம்பும் பூண்டும் போட்டுப் பச்சரிசிச் சோறு மட்டும். அந்தச் சோறுதான் எங்கள் வீட்டில் பானை நிறைய இருந்ததே. பத்தியமும் பாவும் அப்படிக் கச்சிதமாகப் பொருந்திப் போனதால் யாருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை.

புதன்கிழமைகளில் டீச்சர் குடையோடு வருவாள். அவரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, பஞ்சால் பாதத்தைத் தொட்டு, "இப்ப? இப்ப?" என்று கேட்பாள். முதலில் எதுவும் தெரியவில்லை. அவர் ஊகித்துச் சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பார். வெற்றிலை இல்லாமல் வாய் சும்மா இருந்ததில் எரிந்து விழுவார். ஒருநாள் தவிட்டு உருண்டையைச் சுவரில் எறிந்தார். அதை எடுத்துத் துடைத்து மறுபடி அவர் கையில் வைத்தேன். "கொழந்தைக்கு நடக்கச் சொல்லித்தரணும், நடக்கத் தெரிஞ்ச அப்பன் வோணும்" என்றேன். தின்றார்.

தை மாதத்தில் ஒரு நாள் குழிக்குள்ளிருந்து, "ஏய், இங்க வா, இங்க வா!" என்று கத்தினார். ஓடிப்போய்ப் பார்த்தால் அவர் முகம் முழுக்கச் சிரிப்பு. "எறும்பு கடிக்குதுடி!" என்றார். அந்த எறும்பை அடிக்கவில்லை. கடிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

அவர் கால் வந்துகொண்டிருந்தது. என் கால் போய்க்கொண்டிருந்தது. கணுக்கால் வீங்கி, கெண்டைக்கால் பிசைந்து பிசைந்து வலித்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டும். "புள்ள பெத்த ஒடம்பு, அப்படித்தான் இருக்கும்மா" என்றாள் அக்கா. இருக்கும் என்று நானும் நம்பினேன். குழந்தை பாலைக் குடித்துவிட்டுக் கக்கிக்கொண்டிருந்தது. ஆனால் கன்னம் மட்டும் உப்பிக்கொண்டு வந்தது. பார்க்கிறவர்கள் எல்லாம் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்கள். அழுகையும் குறைந்துகொண்டே வந்தது. "எங்க பங்காரு, சத்தமே இல்லாத புள்ள, தறி சத்தத்துல தூங்குது பாரு" என்று அக்கா அவளைத் தங்கம் என்று கொஞ்சுவாள். தெருவில் மற்றக் குழந்தைகள் ஊரைக் கூட்ட, எங்கள் வீட்டுக் குழந்தை மட்டும் சமர்த்து என்று பெயர் வாங்கியது. எனக்கு அதிலும் பெருமை. டீச்சர் வரும் நேரத்தில் அவள் பெரும்பாலும் உள்ளே தூங்குவாள்.

அப்படி ஒரு புதன்கிழமை டீச்சர் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்துவிட்டாள். ஜட்கா வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தாள், ஏனென்றால் தெருவை அடைத்துக்கொண்டு பாவு விரித்திருந்தது. கிளிப்பச்சைப் பட்டு. மாமனார் கஞ்சியைப் பூசிவிட்டு ஒரு முனையை இழுத்துப் பிடித்திருந்தார், மறுமுனையை என் வீட்டுக்காரர் பிடித்திருந்தார். ஈரம் உலரும்வரை இரண்டு பேரும் பிடியை விடக் கூடாது. விட்டால் இழைகள் துவண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பாவு பாழ். அதனால் டீச்சர் அவர்களுக்காகக் காத்திருக்க உள்ளே வந்து உட்கார்ந்தாள். அன்றைக்குத்தான் அவள் முதல்முதலாக எங்கள் அடுக்களையைப் பார்த்தாள்.

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் என் தட்டையே பார்த்தாள். பூப்பூவாக உதிர்ந்த வெள்ளைச் சோறு, மேலே மிளகுக் குழம்பு.

"இது யாருக்கு வடிச்ச சோறு?"

"பாவுக்கு டீச்சர். அவருக்குத் தனியா பொங்கி வெச்சிருக்கேன், நீங்க சொன்னமாதிரியே."

"நீங்க தினமும் இதையா சாப்பிடறீங்க?"

"கொட்டவா முடியும்?"

அவள் என் காலைப் பார்த்தாள். குனிந்து கட்டைவிரலால் என் கணுக்காலை அழுத்தினாள். குழி விழுந்தது, எழும்பவில்லை. அவள் முகம் மாறிய விதத்தைப் பார்த்துத் தட்டை ஒதுக்கி வைத்தேன்.

"குழந்தை எங்கே?"

தூளியில் இருந்தாள். நான் எழுந்திருக்கச் சுவரைத் தேடுவதற்குள் டீச்சரே போய்த் துணியை விலக்கினாள். குழந்தை விழித்திருந்தாள். அழுதுகொண்டிருந்தாள். வாய் முழுக்கத் திறந்திருந்தது, முகம் கன்றிச் சிவந்திருந்தது, கை கால் எல்லாம் உதைத்துக்கொண்டிருந்தன. ஆனால் சத்தம் இல்லை. காற்று மட்டும் வந்தது. எவ்வளவு நேரமாக அப்படி அழுதாளோ தெரியாது. எத்தனை நாளாக அப்படி அழுதாளோ. சுவருக்கு இந்தப் பக்கம் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

வாசலில் நின்ற அக்கா, "அவ எப்பவும் சமத்து டீச்சர், சத்தமே போடமாட்டா" என்றாள்.

"சமத்து இல்லம்மா. சத்தம் வரல அவளுக்கு" என்று டீச்சர் கத்தினாள். குழந்தையின் மார்பில் காதை வைத்தாள். "இதயம் அடிச்சுக்குது. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும். இப்பவே!"

அவள் குழந்தையைத் தூக்கிக்கொள்ள, நான் முன்னால் ஓட எழுந்தேன். கால் என் பேச்சைக் கேட்கவில்லை. வாசற்படியில் மடங்கி உட்கார்ந்துவிட்டேன். என்னால் முடிந்தது ஒன்றுதான். "ஏங்க!" என்று தெருவுக்குக் கேட்கிறமாதிரி அலறினேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். டீச்சர் கையில் குழந்தை, படியில் நான். அவர் கையிலிருந்த பாவை விட்டுவிட்டார். ஈரப்பட்டு மொத்தமும் தளர்ந்து தெருப் புழுதியில் விழுந்தது. அந்த முனையிலிருந்து மாமனார், "டேய், பாவுடா!" என்று போட்ட சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. அடுத்த நிமிஷம் அவரும் குழந்தையைப் பார்த்தார். தெருவுக்கெல்லாம் கஞ்சி போட்ட கை அது, ஒரு இழையைக்கூட வீணாக விட்டதில்லை. அவர் தன் முனையையும் கீழே போட்டார். போட்டதோடு நிற்காமல், பாவைத் தாங்கி வழியை மறித்து நின்ற கழிகளை ஒவ்வொன்றாகக் காலால் எட்டி உதைத்துத் தள்ளிக்கொண்டே, "ஓடுடா, ஓடு!" என்றார்.

என் வீட்டுக்காரர் குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு அந்தக் கிளிப்பச்சைப் பட்டின் மேலேயே மிதித்து ஓடினார். செருப்பு இல்லை. ஒற்றைச் செருப்புகூட இல்லை. ஜட்காக்காரர் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தாராம். அதைப் பூட்டி முடிக்கும்வரை இவர் நிற்கவில்லை. ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடியே போயிருக்கிறார். டீச்சரும் அக்காவும் என்னைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு பின்னால் வந்தார்கள். வழியெல்லாம் அந்தக் குதிரையை நான் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சம் இல்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது குழந்தைக்கு ஊசி போட்டிருந்தார்கள். உள்ளே விடவில்லை. வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். டீச்சர் என் முன்னால் வந்து நின்றாள். எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது.

"வாரா வாரம் வந்தீங்களே டீச்சர். அவர் காலையே பாத்துக்கினு இருந்தீங்களே. பால் குடுக்கிறவ நான் ஒருத்தி இருக்கறது ஒங்க கண்ணுக்குத் தெரியலையா?"

பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பதில் சொல்வாள், நீதானே சொல்லவில்லை என்பாள் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் இன்னும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவள், "ஆமா. நான் உங்களைக் கேட்கவே இல்ல" என்றாள். குடையை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். அந்தச் சோற்றால் எனக்கு வந்த வியாதிதான் பால் வழியாகக் குழந்தைக்குப் போயிருக்கிறது என்று மெதுவாக எனக்கு விளக்கினாள். பெரியவர்களுக்குக் காலில் வருவது பிஞ்சுக்கு நேரே இதயத்தில் வருமாம். குரல் அடைத்துப் போவது அதன் அடையாளமாம். அந்தக் கன்னமும் கொழுப்பு இல்லை, வீக்கம்.

எதிரே என் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். அவர் நின்ற இடத்தில் ரத்தம் வழிந்திருந்தது. உள்ளங்காலில் கண்ணாடித் துண்டு ஒன்று குத்தி உள்ளே இருந்தது. நர்ஸ் பார்த்துவிட்டு, "ஏம்பா, வலிக்கலையா?" என்றாள்.

"வலிக்குதும்மா" என்றார் அவர். "நல்லா வலிக்குது." சொல்லிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதார்.

சாயங்காலத்துக்குள் குழந்தையின் மூச்சு நிதானப்பட்டது. டாக்டர் வெளியே வந்து, "இன்னும் ஒரு நாள் போயிருந்தா..." என்று ஆரம்பித்து முடிக்காமல் போய்விட்டார். எனக்கும் ஊசி போட்டார்கள். உயிர் பிழைத்துவிட்டாள், ஆனால் குரல் உடனே வரவில்லை. வருமா என்று கேட்டால், வரும், பொறு என்றார்கள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டு கட்டிலில் கிடந்தேன். பசித்தால் வாயைத் திறப்பாள், காற்று வரும். நான் காதை அவள் உதட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்பேன்.

மாமனார் தினமும் புழுங்கலரிசிச் சோறும் முருங்கைக்கீரையும் தூக்கில் கொண்டுவந்தார். அவரே பொங்கியது. அடிப்பிடித்திருந்தது. பாவு என்ன ஆனது என்று நான் கேட்டதற்கு, "பாவு கெடக்குதும்மா, நீ துன்னு" என்றார். அதற்குமேல் அந்தப் பாவைப் பற்றி அவர் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. பாவுக்கு வடித்த சோறு அதன்பிறகு பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போனது, மாட்டுக்குப் போக வேண்டிய தவிடு எங்கள் வீட்டுக்கு வந்தது. "மாடு ஏமாந்துடுச்சு" என்பார் என் வீட்டுக்காரர்.

ஒரு விடியற்காலை வார்டில் எல்லோரும் தூங்கும்போது, கம்பி உரசுகிறமாதிரி ஒரு சத்தம் கேட்டது. ஜன்னல் என்று நினைத்தேன். மறுபடி கேட்டது. என் கைக்குள்ளிருந்து வந்தது. கீச்சுக் குரல், விட்டு விட்டு வந்தது, ஆனால் சத்தம். பக்கத்துக் கட்டில்காரி புரண்டு படுத்து, "புள்ளைய அமத்தேம்மா, தூங்கவுடு" என்றாள். நான் அமத்தவில்லை. அவள் என்னைத் திட்டத் திட்ட நான் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு முதல் புதன்கிழமை. டீச்சர் குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தாள். அவர் வழக்கம்போல் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அவள் அவரைத் தாண்டி வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"நேத்து காலையில எழுந்ததுலேர்ந்து சொல்லுங்க. என்ன சாப்பிட்டீங்க?"

அந்த வீட்டில் அதுவரை அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. சொல்ல வாயைத் திறந்தேன். மடியில் கிடந்தவள் அதற்குள் வீறிட்டாள், தறிச்சத்தத்தை அமுக்குகிற வீறல். அக்கா பக்கத்து வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள். மாமனார் கஞ்சிச் சட்டியோடு அப்படியே நின்றார்.

"இருங்க டீச்சர்" என்றேன். "மொதல்ல இவ அழுது முடிக்கட்டும்."